வேலியில் நிற்கிற செவ்வரத்தை எந்த வம்சம்?

மட்டக்களப்புப் பக்கத்தில் செவ்வரத்தை என்கிற செம்பருத்திக்கு அநேகமாக அதைத் தந்தவரின் பெயர்தான். ‘கல்லடி மாமியின் அடுக்கு’, ‘கோயிலடி மஞ்சள்’, ‘கல்முனையில இருந்து வந்த ரோஸ்’ என்றுதான் எங்கள் வளவில் நிற்பவற்றை நானும் சொல்வேன். கொப்பு முறித்துத் தந்தவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும், மரம் இன்னும் அவர் பெயரில் பூத்துக்கொண்டிருக்கும். மாமாங்கத் திருவிழாவுக்கு வீதியோரம் கன்று கொண்டுவந்து பரப்புகிற வியாபாரிகளிடம் வேறு வகைப் பெயர்கள் உண்டு: ‘தாய்லாந்து’, ‘ஹவாய்’, ‘டபுள் ஒரேஞ்’. பெயரில் இருக்கிற ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு விலையும் ஏறும்.

இந்த இரண்டு வகைப் பெயரிலும் ஒரு விஷயம் தெரியவராது. எங்கள் வேலிச் சிவப்பும் ஆரையம்பதியில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிற சிவப்பும் ஒரே மரமா, வேறு வேறா? ‘ஒரே மரம்’ என்ற சொல்லை இங்கே நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வரத்தையை நாங்கள் விதை போட்டு வளர்ப்பதில்லை. தடி வெட்டி நடுவோம், இல்லாவிட்டால் பதி வைப்போம், அதாவது மரத்தில் இருக்கும்போதே கொப்பில் வேர் விட வைப்போம். வேலிகளில் நிற்கிற பழைய சிவப்பு காய் பிடித்து விதை விட்டதை நான் கண்டதேயில்லை. தடியில் இருந்து தளிர்க்கும் கன்றுக்குத் தாயின் அதே பரம்பரையலகுகள்தான் (மரபணுக்கள்), ஒன்றும் கூடாது, ஒன்றும் குறையாது. எப்போதோ யாரோ கொண்டுவந்த ஒரே மரம், வாழைச்சேனை முதல் திருக்கோவில் வரைக்கும் எண்ணற்ற வேலிகளில் நின்றுகொண்டிருக்கலாம். அப்படித்தானா என்று இலையைப் பார்த்தோ பூவைப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது.

என் அக்காவின் மகள், அதாவது எனக்குப் பெறாமகள், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், “சின்னம்மா, நம்மட ஊர்ல எத்தின சாதி செவ்வரத்த நிக்கும்?” என்று கேட்டாள். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். பூவின் பகுதிகளைக் காட்டுவதற்கு வருடா வருடம் பிள்ளைகளின் கையில் கொடுத்து அறுக்கச் சொன்னதும் இந்தப் பூவைத்தான். இருந்தும், “எதை வச்சு எண்ணச் சொல்றா?” என்றுதான் திருப்பிக் கேட்க முடிந்தது. கண்ணுக்குத் தெரிகிற இயல்புகளை வைத்து எண்ணினால் ஒரு கணக்கு வரும். டி.என்.ஏ.யை வைத்து எண்ணினால் வேறொரு கணக்கு வரும். இரண்டும் கடைசியில் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையோடுதான் அநேகம் பேர் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அழகுக்காக வளர்க்கிற பூமரங்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கே இடமில்லை என்பது என் எண்ணம். ஒத்துப்போகாத இடங்களில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் கண்ணும் அளவுகோலும்.

ஒற்றைச் செவ்வரத்தை ஒருநாள் பூ. விடிய விரிந்து, பொழுதுபடச் சுருண்டு, அடுத்த நாள் முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றில் வரும். புதிய கலப்பினங்கள் சிலது இரண்டாம் நாளும் நிற்கும். எனவே அளப்பதென்றால் காலை பத்து மணிக்கு முன்னே, முழுதாக விரிந்த பூவில் அளக்க வேண்டும். எங்கள் வேலியிலும் எதிர்வீட்டு வேலியிலும் ஒற்றைச் சிவப்பில் சில பூக்கள் பறித்து மேசையில் வைத்தோம். ரோட்டில் இருந்து பார்த்தால் வித்தியாசம் சொல்ல ஏலாத பூக்கள். மேசையில் வைத்ததும் வேறு கதை. எங்களுடையதில் ஐந்து அல்லிகளும் (இதழ்களும்) ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடைவெளி இல்லாமல் நின்றன. எதிர்வீட்டுப் பூவில் அல்லிகளின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. நடுவில் நீண்டு வருகிற, மகரந்தத்தைத் தாங்குகிற கேசரக் குழாய் ஒன்றில் நேராக, மற்றதில் நுனியில் மேல்நோக்கி வளைந்து. அந்தக் குழாயின் உச்சியில் மெத்தென்று, மகரந்தம் வந்து ஒட்டுகிற ஐந்து குறிகள் இருக்கும். எங்களுடையதில் அவை கடும் சிவப்பு, எதிர்வீட்டில் செம்மஞ்சள்.

புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு சின்ன வட்டம் இருக்கிறது, மேற்புல்லி என்பார்கள். அதன் துண்டுகளை எண்ணினோம். ஒன்றில் ஆறு, மற்றதில் ஏழு. அட, நல்ல வித்தியாசம் என்று பெறாமகள் கொப்பியில் எழுதிவிட்டு, ஏழு இருந்த அதே மரத்தில் இன்னொரு பூவை எண்ணினால் அதில் ஆறு. அங்கேயே ஒரு பாடம் கிடைத்துவிட்டது. எந்த இயல்பை எடுத்தாலும் ஒரே மரத்துக்குள் அது எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மரத்துக்குள் மாறுவதைவிட மரத்துக்கு மரம் கூட மாறினால்தான் அது பயன்படும். குறியின் நிறம் அந்தச் சோதனையில் தேறியது. மேற்புல்லி எண்ணிக்கை தேறவில்லை.

பூமர இரகங்களைப் பதிவுசெய்கிற உலக வழக்கமும் இதைத்தான் கேட்கிறது. புதிய தாவர இரகங்களைப் பாதுகாக்க 1961இல் பாரிசில் கையெழுத்தான உபோவ் (UPOV) உடன்படிக்கைப்படி ஒரு புதிய இரகம் மற்ற இரகங்களில் இருந்து தெளிவாக வேறுபட வேண்டும், தன் கன்றுகளுக்குள் ஒருசீராக இருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் மாறாமல் நிற்க வேண்டும். மரபணுச் சோதனை இவ்வளவு வளர்ந்த பிறகும் அங்கே தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் பூவும் இலையும்தான். பழைய ஆட்களின் பிடிவாதம் என்று இதை நினைக்கத் தேவையில்லை. காரணம் பின்னால் வரும்.

நிறம் மட்டும் பெரிய தலைவலி. போனில் படம் எடுத்து ஒப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலை வெயிலில் எடுத்த சிவப்பும் விறாந்தை நிழலில் எடுத்த சிவப்பும் போனுக்கு இரண்டு நிறம். பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் 1966இல் வெளியிட்ட நிற அட்டைதான் உலகம் முழுக்கப் பாவனையில் உள்ளது. ஒவ்வொரு நிறத்துண்டிலும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அதை அல்லியின்மேல் வைத்து, ஓட்டைக்குள் தெரிகிற நிறமும் சுற்றியிருக்கிற நிறமும் ஒன்றாகிற துண்டைத் தேட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் விலை கட்டாது. பெயின்ட் கடையில் சும்மா தருகிற நிற அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டோம். உலகத் தரம் கிடையாது, ஆனால் எங்கள் பூக்களை எங்கள் பூக்களோடு ஒப்பிட அது போதும்.

நிறம் ஏன் இப்படிச் சிக்கலாகிறது? சிவப்பைத் தருவது அந்தோசயனின் குடும்பத்துச் சாயம், மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் கரோட்டினொயிட். அந்தோசயனின் தான் இருக்கிற சாற்றின் புளிப்பைப் பொறுத்து நிறம் மாறும். செவ்வரத்தம்பூச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சைக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் இதை அமில காரக் காட்டியாகப் பயன்படுத்தாத பிள்ளை இலங்கையில் இருக்காது. சாயத்தின் அளவு, சாற்றின் புளிப்பு, வெயில், சூடு என்று நாலைந்து சங்கதி சேர்ந்து வருகிற நிறத்தைப் பட்டியலில் ‘சிவப்பு’ என்று ஒரு சொல்லில் எழுதுகிறோம்.

சூடு என்றதும் எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மண் கடற்கரை மணல். மேற்கே படுவான்கரையில் வயலும் களியும். கல்லடியில் இருந்து ஒரு தடியைக் கொண்டுபோய்க் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நட்டால் இலை அகலமாகும், பூ பெரிதாகும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எழுவான்கரைப் பூ சிறுத்து, அல்லியின் விளிம்பு கருகி நிற்கும். மாரி தொடங்கினால் அதே மரம் உள்ளங்கையை மூடுகிற பூ விடும். ஆக, ஆரையம்பதிப் பூவை ஆனியிலும் படுவான்கரைப் பூவைக் கார்த்திகையிலும் அளந்து இரண்டும் வேறு சாதி என்று எழுதினால், அளந்தது மண்ணையும் காற்றையுமே. ஒழுங்காகச் செய்வதென்றால் எல்லா மரத்திலும் தடி எடுத்து, ஒரே மண் நிரப்பிய சாடிகளில், ஒரே இடத்தில், ஒவ்வொன்றிலும் சில கன்றுகள் வீதம் இடம் மாற்றி மாற்றி வைத்து, எல்லாம் பூத்த பிறகு அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும். இறுதி வருட மாணவர்களுக்கு இல்லாதது அந்த நேரம்தான்.

இன்னொன்றும் உண்டு. பூவின் விட்டம், அல்லியின் நீளம், அல்லியின் அகலம் என்று மூன்று நிரல் எழுதுகிறோம். மூன்றும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன, பெரிய பூவுக்கு மூன்றும் பெரிதாக இருக்கும். பட்டியலில் நிரல் கூடுகிறது, தகவல் கூடவில்லை. நான் வாசித்த ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. பூவின் பருமன் சத்தமில்லாமல் மூன்று வாக்குப் போட்டுவிடும், குறியின் நிறத்துக்கு ஒரே வாக்கு.

சரி, இனி ஆய்வுகூடம்.

தலைக்கு வைக்கச் செவ்வரத்தை இலையைத் தண்ணீரில் பிசைந்தவர்களுக்கு அந்தக் கொழகொழப்புத் தெரியும். முடிக்கு நல்லதாம், அம்மம்மா காலத்தில் ஷாம்புவே அதுதான். டி.என்.ஏ. எடுக்கப் போகிறவளுக்கு அதே கொழகொழப்பு முதல் எதிரி. இலையைக் குளிரில் உறைய வைத்து அரைத்து, சி.டி.ஏ.பி. என்கிற சவர்க்கார வகைக் கரைசலில் 65 பாகை சூட்டில் ஊற வைத்து, குளோரோபோம் விட்டுக் குலுக்கி, மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கிற நீரை எடுத்துக் குளிர்ந்த அற்ககோலைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான செடிகளில் அப்போது வெள்ளை நூல் மாதிரி டி.என்.ஏ. திரண்டு வரும். செவ்வரத்தையில் ஒரு ஜெலி வந்து நிற்கும். பிப்பெற்றால் உறிஞ்சினால் நுனியில் தொங்கும், விட்டால் விழாது, உதறினால் குழாயின் சுவரில் போய் ஒட்டும். அது டி.என்.ஏ.யோடு சேர்ந்து திரண்ட பல்சக்கரைட்டு, இலையின் கொழகொழப்புக்குக் காரணமான நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதை விலக்காமல் அடுத்த படிக்குப் போனால் அங்கே வேலை செய்ய வேண்டிய நொதியம் படுத்துவிடும். வழி இருக்கிறது. முற்றிய இலையை விட்டு இளந்தளிரை எடுக்க வேண்டும், கரைசலில் உப்பைக் கூட்ட வேண்டும், இலையைக் கறுக்கச் செய்கிற பீனோல் வகைகளைப் பிடித்துவைக்க பி.வி.பி. என்கிற தூள் சேர்க்க வேண்டும். அப்புறமும் சில நாளைக்கு ஜெலிதான் வரும். “சின்னம்மா, இத நான் தலைக்கே வச்சிருப்பன்” என்றாள் ஒரு நாள்.

டி.என்.ஏ. சுத்தமாக வந்தால் மிச்சம் யந்திரத்தின் வேலை. ஒரு சிறு துண்டை லட்சக்கணக்கில் படியெடுக்கிற பி.சி.ஆர். முறையைக் கேரி முலிஸ் 1983இல் யோசித்தார், 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் படியெடுக்கிற நொதியம், அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டுபிடித்த ஒரு பற்றீரியாவில் இருந்து வந்தது. கொதிநிலைக்குக் கிட்ட சூடாக்கினாலும் கெடாமல் இருப்பதால்தான் அது தேர்வானது. அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயா வெந்நீரூற்றுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோதெல்லாம் இதைச் சொல்லாமல் நான் திரும்பியதில்லை.

செவ்வரத்தை மாதிரி, பரம்பரைத் தகவல் அதிகம் கையில் இல்லாத செடிக்கு மாணவர்கள் முதலில் பிடிப்பது 1990இல் வந்த ரப்ட் (RAPD) முறையை. பத்தே எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டைக் கொடுத்து, 36 பாகை அளவில் குளிரவிட்டு, அது எங்கெங்கே போய் ஒட்டுகிறதோ அங்கிருந்து படியெடுக்கச் சொல்வார்கள். செடியைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிய வேண்டாம். கிடைத்த துண்டுகளை அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டால் பருமனுக்கேற்பப் பிரிந்து, ஊதாக்கடந்த ஒளியில் கோடு கோடாகத் தெரியும். ஒரு மரத்தில் அந்த இடத்தில் கோடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பூவின் அழகெல்லாம் இப்படி ஒன்றும் பூச்சியமுமாக ஒரு தாளில் வந்து நிற்கும்.

அந்தத் தாளில் இரண்டு மரங்களை ஒப்பிடுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பவுல் ஜக்கார்ட் என்ற சுவிஸ் தாவரவியலாளர் 1901இல், மலைப்பகுதிகளின் செடிகொடிகளை ஒப்பிடுவதற்காக எழுதியது. இரண்டிலும் உள்ள கோடுகளின் எண்ணிக்கையை, இரண்டில் எதிலாவது உள்ள மொத்தக் கோடுகளால் வகுக்க வேண்டும். இரண்டிலும் இல்லாத கோடு கணக்கில் வராது. அது நியாயம்தான். ஒரு கோடு வராமல் போக நூறு காரணம் இருக்கலாம். இரண்டு மரத்திலும் அது வராததை உறவுக்குச் சான்றாக எடுக்க முடியாது.

ரப்ட் மலிவு, ஆனால் நம்பகம் குறைவு. யந்திரம் மாறினால், மக்னீசியம் கொஞ்சம் கூடினால் கோடு மாறும். ஓர் ஆய்வுகூடத்தின் படத்தை இன்னொரு ஆய்வுகூடத்தில் மீண்டும் வரவழைப்பது பெரும்பாடு. காசும் வசதியும் இருந்தால் எஸ்.எஸ்.ஆர். முறைக்குப் போகலாம். டி.என்.ஏ.யில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பார்ப்பது இந்த முறை. குற்றவியல் விசாரணைகளில் ஆளை அடையாளம் காண்பதும் இதே அடிப்படையில்தான். செவ்வரத்தையில் இதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. மனிதருக்கு நிறமூர்த்தம் (குரோமோசோம்) 46 என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். செவ்வரத்தை இரகங்களில் 36 தொடங்கி 200க்கு மேலும் பதிவாகியிருக்கின்றன. ஓர் இடத்தில் இரண்டு வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் நாலும் ஐந்தும் நிற்கும். எது எத்தனை படி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் அதன் பிறப்பு. லின்னேயஸ் 1753இல் ‘சீனத்து ரோசா’ என்று அர்த்தம் வரும்படி இதற்குப் பெயர் வைத்தார். ஆனால் சீனாவிலோ வேறெங்குமோ காட்டில் தானாக வளர்கிற செவ்வரத்தை யாருக்கும் கிடைக்கவில்லை. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இது பசிபிக் தீவுகளில், தஹிதிப் பக்கத்து இனம் ஒன்றும் வனுவாட்டு இனம் ஒன்றும் கலந்து, பொலினீசிய மக்களின் கையில் பிறந்தது என்று வாதிடுகிறது. அதற்குப் பிறகும் கலப்பு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மொரிசியஸ் தீவில் சார்ல்ஸ் டெல்ஃபெயர் அந்தப் பக்கத்துத் தீவுகளின் சொந்த இனம் ஒன்றோடு இதைக் கலந்தார். 20ஆம் நூற்றாண்டில் ஹவாயில் அங்குள்ள இனங்களோடு கலந்து கலந்து நூற்றுக்கணக்கான இரகம் எடுத்தார்கள். திருவிழாக் கடையில் ‘ஹவாய்’ என்று விற்பவற்றின் முன்னோர்களில் பல இனம் இருக்கும். எங்கள் வேலிச் சிவப்புப் பழைய வம்சம். டி.என்.ஏ. முறையால் ஒரு வேலை மிக நன்றாக நடக்கும் என்றால் இதைச் சொல்வேன்: பழைய வேலிச் செவ்வரத்தைகளையும் பல்லினக் கலப்புகளையும் இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்துவது. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பச்சையவுருமணியின் டி.என்.ஏ.யையும் சேர்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் தாய்வழியே மட்டும் வருவதால், கலப்பில் எது தாய் என்பதையும் சொல்லலாம்.

இனி அந்த ஒத்துப்போகாத இடங்கள்.

ஒற்றைச் செவ்வரத்தையையும் அடுக்கையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமா என்றுகூடக் கேட்பார்கள். அடுக்கில் கூடுதலாகத் தெரிகிற அல்லிகள் பல, கேசரமாக வந்திருக்க வேண்டியவை. அறுத்துப் பார்த்தால் பாதி அல்லி பாதி மகரந்தப் பையாக நடுவழியில் நிற்கிறதையும் காணலாம். என் மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பே கூடிவிடும். பூவின் எந்த வட்டத்தில் என்ன உறுப்பு வரவேண்டும் என்று தீர்மானிப்பது சில பரம்பரையலகுகள்தான் என்பதை 1991இல், அந்தப் பரம்பரையலகுகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாக்கி, ஏ.பி.சி. மாதிரியாக விளக்கினார்கள். அதில் ‘சி’ தளர்ந்தால் கேசரம் இருக்க வேண்டிய இடத்தில் அல்லி வரும். ஒரு பரம்பரையலகில் சின்ன மாற்றம், கண்ணுக்கு மலையளவு வித்தியாசம். ஆனால் ரப்ட்டோ எஸ்.எஸ்.ஆரோ தொடுவது பரம்பரைத் தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கிற எங்கோ சில இடங்களை. அவற்றில் பெரும்பாலானவைக்குப் பூவின் உருவத்தோடு தொடர்பில்லை. அந்தச் சின்ன மாற்றம் அவற்றில் தெரியவே தெரியாது.

கொப்பு விகாரம் இதைவிடத் தெளிவான சாட்சி. ஒரு மரத்தில் ஒரு கொப்பு மட்டும் திடீரென வேறு நிறத்தில் பூக்கும், அந்தக் கொப்பில் தடி எடுத்தால் புதிய இரகம். போகன்விலாவில் இதைச் சாதாரணமாகக் காணலாம். ரோசாவில் பெயர்பெற்ற உதாரணம் ‘பீஸ்’. 1945இல் சந்தைக்கு வந்த மஞ்சள் ரோசா அது. அதன் கொப்பு விகாரமாக 1962இல் வந்த ‘சிக்காகோ பீஸ்’ அதிகம் இளஞ்சிவப்பு. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டு பூ, இரண்டு பெயர். மார்க்கரை, அதாவது ரப்ட், எஸ்.எஸ்.ஆர். காட்டுகிற டி.என்.ஏ. அடையாளங்களை, வைத்துப் பார்த்தால் வழக்கமாக இரண்டும் ஒன்று. அப்போது யார் சொல்வது சரி? பூ விற்கிறவருக்கு வேறு, வம்சம் தேடுகிறவருக்கு ஒன்று. உபோவ்காரர் பூவையும் இலையையும் கைவிடாமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். அழகுச்செடியில் காசு கொடுத்து வாங்குவதே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருப்பவை. சிவப்பு எல்லோருக்கும் பிடித்த நிறம். காளி கோயிலுக்கும் வைரவருக்கும் சிவப்பே வேண்டும். ஆகவே எங்கெங்கோ வேறு வேறாகப் பிறந்த சிவப்புகளில், சாமிக்கு வைக்க ஏற்ற ஒரே மாதிரிப் பூவை ஆட்கள் தேர்ந்து தேர்ந்து வைத்திருக்கலாம். தேர்ந்தெடுத்தது மனிதரின் கண், அதனால் உருவம் ஒன்றுபோல் வந்துவிடும். உள்ளே இருக்கிற வம்சத்தை அந்தக் கண் தொடுவதில்லை.

உருவத்தில் உள்ள தூரத்துக்கும் டி.என்.ஏ. தூரத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஓர் எண்ணில் சொல்ல மாண்டெல் சோதனை என்று ஒன்று 1967 முதல் இருக்கிறது. பூமர ஆய்வுகளில் அந்த எண் சிறிதாக வந்துவிட்டால் எழுதியவர்கள் கவலைப்படுவார்கள். ‘சூழலின் தாக்கமாக இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, கிளைகிளையாக ஒரு வம்சாவளிப் படத்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். அந்தச் சின்ன எண்தான் முடிவு என்று எழுதினால் என்ன என்பது என் கேள்வி. மனிதர் எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பது அதில் இருக்கிறதே.

ஒட்டுக்கன்று பற்றியும் சொல்ல வேண்டும், இது பலருக்குக் காசு நட்டமான விஷயம். ஓர் ஒரேஞ் அடுக்கு ஆசைப்பட்டு வாங்கினேன். முதல் மாரியில் அருமையாகப் பூத்தது. அடுத்த கோடையில் மேல்பகுதி வாடி, கீழே இருந்து செழிப்பான கொப்புகள் வந்து, பூ வந்தபோது சாதாரண ஒற்றைச் சிவப்பு. நிறம் மாறிவிட்டது, ஊர்த் தண்ணீர் ஒத்துவரவில்லை என்று அயலில் ஆளுக்கொரு விளக்கம். மாறியது நிறமல்ல. புதிய கலப்பினங்கள் பலவற்றுக்கு வேர் பலவீனம். அதனால் உரமான பழைய செவ்வரத்தையின் தண்டில் ஒட்டி விற்கிறார்கள். மேலே ஒட்டிய பகுதி செத்துவிட, கீழே இருந்த மரம் தன் பூவைப் பூத்திருக்கிறது. கன்று வாங்கும்போது தண்டில் முடிச்சுப்போலத் தடித்த இடம் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே வருகிற தளிரை எல்லாம் உடனே கிள்ளிவிட வேண்டும். ஆய்வுக்கு இலை பறிப்பவருக்கும் இது முக்கியம். ஒரே சாடியில் இரண்டு மரம் நிற்கிறது. முடிச்சுக்குக் கீழே பறித்த இலையை வைத்து மேலே உள்ள பூவுக்கு வம்சம் எழுதினால் எந்த மார்க்கராலும் காப்பாற்ற முடியாது.

எங்கள் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வதானால், என் கணிப்பில், பட்டியல் முதலில், ஜெல் பிறகு. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் இடம்பெயர்வுகளும் எத்தனை வளவுகளை வெறுமையாக்கின என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்தவர்கள் எங்கிருந்தோ தடி கொண்டுவந்து நட்டார்கள். இப்போது வேலிகள் போய் மதில்கள் வருகின்றன, செவ்வரத்தைக்கு இருந்த இடமே போகிறது. எந்தத் தடி எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆச்சிமார் இருக்கிற காலத்திலேயே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும். டி.என்.ஏ.யை உலர்த்தி வைத்த இலையில் பல வருடம் கழித்தும் எடுக்கலாம். ஆச்சியின் ஞாபகத்தை அப்படி வைக்க வழியில்லை.

பெறாமகள் கடைசியில் கேள்வியைச் சுருக்கிக்கொண்டாள். எத்தனை சாதி என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒற்றைச் சிவப்பை மட்டும் எடுத்திருக்கிறாள்: எழுவான்கரையில் நிற்பதும் படுவான்கரையில் நிற்பதும் ஒரே மரத்தின் தடிகளா என்று. இதற்கு மார்க்கர் நல்ல பதில் சொல்லும். கோடுகள் திரும்பத் திரும்ப வேறாக வந்தால் ஒரே மரமில்லை என்று துணிந்து எழுதலாம். எல்லா இடத்திலும் ஒன்றாக வந்தால், ஒரே மரமாக இருக்கக்கூடும், இத்தனை இடத்தில் பார்த்ததில் வேறுபாடு தெரியவில்லை என்று அடக்கமாக எழுத வேண்டும். குறியின் நிறத்தில் எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் கண்ட வித்தியாசம் அதில் எப்படி வருமோ தெரியாது. கொப்பு விகாரமாகவும் இருக்கலாம், வேறு மரமாகவும் இருக்கலாம்.

இப்போது சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போகிறாள். இளந்தளிர் நாலைந்தைக் கிள்ளி, சிறு பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் மணிகளோடு போட்டு அழுத்தி மூட வேண்டும். மணிகள் நீலத்தில் இருந்து ரோஸுக்கு மாறினால் ஈரம் ஏறிவிட்டது, புது மணி போட வேண்டும். லேபலில் ஊர், திகதி, வெயிலா நிழலா, ஒட்டுக்கன்றா, குறியின் நிறம், தடி யார் தந்தது என்பது எல்லாம். கடைசி நிரலில்தான் நேரம் போகிறது, ஏனென்றால் அதற்குள் ஒரு கலியாணமும் இரண்டு சண்டையும் ஒரு காணிப் பிரச்சினையும் வரும். தளிர் கிள்ள விடுகிற வீட்டுக்காரர் அநேகமாக எல்லோரும் ஒரே நிபந்தனை போடுகிறார்கள்: “அடுத்த முறை வரக்குள்ள மஞ்சள் அடுக்கில ஒரு தடி கொண்டு வா, புள்ள.” அவளும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எந்த வீட்டில் இருந்து எந்த வீட்டுக்கு என்று அதற்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.